வீட்டுக்காரர்

சாப்பாட்டுக் கடைக்குள் வந்த அம்மா மேஜை முன்னால் உட்காரவே இல்லை. வாசல் நிலையைத் தடவிப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, கேட்காமல் கொள்ளாமல் சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"யாருங்க இது? சாப்பிட வந்தாளா, வீடு பாக்க வந்தாளா?" என்று துருக்கி மொழியில் முணுமுணுத்தாள் பெம்பே.

அவள் கணவர் ஷெவ்கெத் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். வந்தவர் பேசியது கிரேக்கம். எழுபதைத் தாண்டிய வயது. வாடகைக் காரில் தனியாக வந்திருந்தார்.

பக்கத்திலிருக்கும் சலாமிஸ் இடிபாடுகளைச் சுற்றிவிட்டுப் பசியோடு வருகிறவர்களை நம்பித்தான் அந்தச் சாப்பாட்டுக் கடை நடந்தது. இந்த அம்மாவின் செருப்பிலும் அந்தப் புழுதி இருந்தது. முகத்தில்தான் பசி இல்லை.

சண்டையில் சைப்ரஸ் தீவு இரண்டானபோது தெற்கேயிருந்த துருக்கியர்கள் வடக்கே ஓடி வந்தார்கள். வடக்கேயிருந்த கிரேக்கர்கள் தெற்கே ஓடினார்கள். அப்படி ஓடிப்போன யாரோ ஒருவர் வீட்டைத்தான் ஷெவ்கெத்துக்குக் கொடுத்தார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். பல வருஷம் கழித்து எல்லையைத் திறந்துவிட்ட பிறகு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பழைய சொந்தக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். இந்த வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

இன்றைக்கு வந்துவிட்டார்.

"உட்காருங்க அக்கா," என்றார் ஷெவ்கெத், கிரேக்கத்தில்.

"நல்லாப் பேசுறீங்களே!"

"தெற்கே பாஃபோஸ்ல பொறந்தவன் அக்கா. தெருவுல விளையாடினது, அடிச்சுக்கிட்டது எல்லாம் கிரேக்கத்துலதான்."

தெரிந்த விஷயம்தான் என்பதுபோல அந்த அம்மா தலையாட்டினார்.

வாட்டிய ஹெல்லிம் பாலாடைக்கட்டியும், கோழி போட்ட சேப்பங்கிழங்குக் குழம்பும் வந்தன.

"கிழங்கைக் கத்தியால வெட்டினீங்களா?" என்றார் அந்த அம்மா.

"சே! லேசா கீறிட்டு ஒடிச்சதுதான். வெட்டினா வழவழன்னு ஆயிடுமே."

"நானும் அப்படித்தான் செய்வேன்." ஒரு வாய் சாப்பிட்டார். அதற்குள் அடுத்த கேள்வி. "மழைக்கு ஒழுகுதா?"

"மேக்குப் பக்கம் கொஞ்சம்."

"குழந்தைங்க?"

"ரெண்டு பொண்ணுங்க. இந்த வீட்லதான் பொறந்தாங்க."

பெம்பேவுக்குக் கிரேக்கம் வராது. கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்ன கேக்குறா?"

"ஒழுகுதான்னு."

"பின்ன, அவ வீடாச்சே! இந்தாங்க, சொல்லிடுங்க. கூரை மாத்தினது நாம, குழாய் போட்டது நாம. எழுந்திருன்னா நான் எழுந்திருக்க மாட்டேன்."

"சும்மா இரு. பாவம், போட்டது போட்டபடி ஓடினவங்க."

"நாம மட்டும் மூட்டை கட்டிக்கிட்டா வந்தோம்?"

ஷெவ்கெத் அந்த அம்மா பக்கம் திரும்பினார். பேச்சை மாற்ற நினைத்தார்.

"சலாமிஸ் பாத்தீங்களா அக்கா?"

"பாத்தேன். தலையில்லாத சிலைங்க, கூரையில்லாத வீடுங்க. யார் யாரு வாழ்ந்த எடமோ, நாம டிக்கெட் வாங்கிட்டு உள்ள நுழையறோம். ஏன்னு கேக்க ஆளில்ல." சொல்லிவிட்டு ஜன்னல் வழியே பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "எலுமிச்சை நல்லா காய்க்குதா?"

ஷெவ்கெத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போனார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து, துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு படத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம்.

"நாங்க வந்தப்போ சுவத்துல மாட்டியிருந்தது. தூக்கிப் போட மனசு வரல. உங்களோடதை எடுத்துக்கோங்க அக்கா. மத்ததை... உட்கார்ந்து பேசுவோம்."

பெம்பே கிட்டே வந்து நின்றாள்.

அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

"அது... நீங்க இல்லையா?"

"இல்லையே. இவங்களை நான் பாத்ததே இல்ல."

"அப்போ இது உங்க வீடு...?"

"என் வீடு இங்க பக்கத்துல ஃபாமகுஸ்தாவுல, ராணுவம் போட்ட முள்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு. காலையில தூரத்துல நின்னு பாத்தேன். மாடி இடிஞ்சு கெடக்கு."

"பின்ன ஏன் அக்கா, ஒழுகுதா, காய்க்குதான்னு இத்தனை கேள்வி?"

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்க வேணாமா? உங்க அப்பா பேரு தெர்விஷ்தானே? பாஃபோஸ்ல, மசூதிக்குப் பின்னால, நீலக் கதவு வெச்ச வீடு?"

ஷெவ்கெத் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கதவைப் பற்றி அவர் பெற்ற பெண்களிடம்கூடப் பேசியதில்லை.

"அந்த வீட்லதான் எங்களைக் குடிவெச்சாங்க. என் பேரு அந்த்ரூல்லா. இன்னும் அங்கதான் இருக்கேன். உங்களைத் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா விசாரிச்சு வந்து சேர்ந்தேன்."

"என்ன சொல்றா? என்ன வேணுமாம்?" பெம்பே அவசரப்பட்டாள்.

ஷெவ்கெத் அவளைக் கையமர்த்தினார். அந்த்ரூல்லாவையே பார்த்தார்.

"முற்றத்துல உங்க அப்பா வெச்ச அத்திமரம்... அதோட வேரு சுவரைப் பொளந்துக்கிட்டு உள்ள வருது. வெட்டிடு, வெட்டிடுன்னு என் பசங்க நச்சரிக்கிறாங்க," என்ற அந்த்ரூல்லா, சங்கடத்தோடு கைகளைப் பிசைந்துகொண்டார்.

"வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேக்காம எப்படி தம்பி வெட்டுறது?"