இடது பக்கம் ஒரு சாண்

"பாத்தியாப்பா? மறுபடியும் இடது பக்கம்தான். ஒரு சாண் தள்ளி. நான் என்ன பொய்யா சொன்னேன்?"

ராட்கோ துப்பாக்கியை மணல்மூட்டை மேல் கிடத்திவிட்டு எழுந்து, பனியில் நனைந்த முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். கல்குவாரியின் கோடியில் நட்டிருந்த அட்டையில் மூன்று ஓட்டைகள். மூன்றுமே நடுப்புள்ளிக்கு இடது பக்கம் விலகியிருந்தன.

ஸ்டாமென் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று மின்னி மறைந்தது.

"இருக்குடா. இதுல எங்கேயோ கோளாறு இருக்கு. இருந்தே ஆகணும். அந்தத் திருப்புளியை எடு."

மூத்த மகன் ராட்கோவுக்கும் இளையவன் வெலினுக்கும் அவர் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது இதே குவாரியில்தான். ரோடோப்பி மலையடிவாரத்தில் அவர் கைபடாத வேட்டைத் துப்பாக்கி குறைவு. எந்தத் துப்பாக்கி குறி தவறினாலும், "ஸ்டாமெனிடம் காட்டு" என்பார்கள்.

துப்பாக்கி மேல் குறிபார்க்கப் பொருத்தியிருந்த ஸ்கோப்பைப் பிடித்திருந்த திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

"இறுக்கமா இருக்கு" என்றார், யாரோ இறந்த செய்தி சொல்வதுபோல.

"விடேன்ப்பா. பழைய துப்பாக்கி. ஆத்துல தூக்கிப் போட்டுட்டுப் போலாம்."

"கோளாறு எதுன்னு தெரியாம ஆத்துல போட்டா எனக்குத் தூக்கம் வருமா? உங்கம்மாகிட்ட இன்னைக்கு ஒரு பதிலோட போகணும்டா. காலையில கிளம்பும்போது வாசல்ல நின்னு எப்படிப் பாத்தா, பாத்தல்ல?"

ராட்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஸ்டாமென் சிகரெட் தாள் ஒன்றை எடுத்துக் குழலுக்கும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைத்தார். கட்டை ஈரத்தில் உப்பிக் குழலைத் தொட்டால் போதும், குண்டு திசைமாறும். தாள் எங்கேயாவது சிக்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அது வெண்ணெயில் கத்தி போனமாதிரி கடைசிவரை போய்வந்தது.

குழலின் வாயை நகத்தால் சுற்றித் தடவினார். ஒரு கீறல் இல்லை.

"தோட்டா?"

"அதே பெட்டிதான்."

"அதுதான்! பெட்டியில ஈரம் இறங்கியிருக்கும்." கோட்டுப் பையிலிருந்து புதுப் பெட்டியை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுச் சுடு."

ராட்கோ படுத்தான். சுட்டான். இடது பக்கம் ஒரு சாண்.

"காத்து தள்ளுதோ?" என்று சிகரெட்டைப் பற்றவைத்தார். புகை நூல் பிடித்தமாதிரி நேராக மேலே போனது.

"ராக்கியா குடிச்சவன் மாதிரி ஒரே பக்கமா சாயுதே சனியன்!" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மிச்சமிருந்தது ஒன்றுதான். ஸ்கோப்பின் குறியைத் திருத்தும் சக்கரம். யார் கையாவது பட்டு நகர்ந்திருக்கலாம். போன கோடையில் அவரே குறி சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

கோடு இழுத்த இடத்திலேயே இருந்தது.

தானே ஒருமுறை சுட்டுப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். அந்த ஒரு வேலையை மட்டும் காலையிலிருந்து அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

"நகரு" என்றார்.

"நீ எதுக்குப்பா? இடுப்பு வலியை வெச்சுக்கிட்டு..."

"நகருடா."

படுத்தார். கட்டையைத் தோளில் பொருத்தும்போது உதடு எதையோ முணுமுணுத்தது. விசையைத் தொட்ட விரல் பழைய பழக்கத்தில் அசையாமல் நின்றது.

மூன்று முறை வெடிச்சத்தம் குவாரிச் சுவரில் மோதித் திரும்பியது.

பைனாகுலரை அவர் எடுக்கவில்லை. அட்டைவரை நடந்தே போனார். போகும்போது நிமிர்ந்திருந்த முதுகு, திரும்பி வரும்போது வளைந்திருந்தது.

"நடுப்புள்ளியில விழுந்திருக்குடா. மூணும் ஒண்ணுமேல ஒண்ணா."

ராட்கோ தோட்டாப் பெட்டியை மூடிப் பையில் போட்டான்.

"துப்பாக்கி நேராத்தான் சுடுது. காலையிலேர்ந்து நீதான் வேணும்னே தள்ளிச் சுட்டுக்கிட்டிருக்க."

"அப்பா, வீட்டுக்குப் போலாம்."

"வேட்டையில பன்னியைத்தான் குறி வெச்சேன், துப்பாக்கி இடது பக்கம் இழுத்துருச்சுன்னு அழுதியே. அதை நம்பித்தானே ஊரே உன்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுச்சு. நம்பித்தானே வெலினைக் கொண்டுபோய் நான் என் கையால புதைச்சேன். சொல்லு. அன்னைக்கு ஸ்கோப்புக்குள்ள உனக்கு என்னடா தெரிஞ்சுது?"

ராட்கோ பனியைப் பார்த்துச் சொன்னான்.

"தம்பிதான்பா."