மஞ்சள் ஒயர்

டீச்சர் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு ஃபேன் ஒன்றை எடுத்து மெக்கானிக்கின் மேஜைமேல் வைத்தார். "இதுல எந்த ஒயர் எதுக்கு?"

பாடம் நடத்துகிறவருக்கே பாடம் நடத்தும் வாய்ப்பு. மெக்கானிக் குஷியாகிவிட்டான்.

"சிவப்புல கரண்ட் வரும், கறுப்புல திரும்பும். மஞ்சள்தான் கோள்சொல்லி. ஃபேன் நின்னா, அது மாட்டியிருக்கிற மெஷின்கிட்ட போட்டுக்கொடுக்கும். சூடேறி நின்னுபோறதுக்கு முன்னாடியே மெஷின் கத்தும்."

ஃபேனைத் திருப்பிப் பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "எந்தப் புண்ணியவான் மஞ்சளைக் கறுப்போட முறுக்கினது? இப்படிச் செஞ்சா, ஃபேன் நின்னாலும் ஓடுதுன்னுதான் மெஷின் நம்பும்!"

"நான்தான் முறுக்கினேன்."

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான். மெஷின் சும்மா சும்மா கத்துதுன்னு போன வாரம் போன் பண்ணேன். 'மஞ்சளைக் கறுப்போட முறுக்கி விடுங்க, வாயை மூடிக்கும்'னீங்க. என்ன மெஷின்னு கேட்கவே இல்லை."

அவன் ஃபேனை மேஜைமேல் வைத்தான். "என்ன மெஷின், டீச்சர்?"

"அப்பாவுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற மெஷின்."

"வேற ஃபேன்... இப்பவே மாத்தித் தரேன்..."

"வேண்டாம். இனிமே அதுல மூச்சு விட ஆள் இல்லை."

டீச்சர் ஃபேனைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என் கையாலதான் அவர் போனாரான்னு கேட்கத்தான் வந்தேன். சொல்லிட்டீங்க."