ஒரு சென்ரிமீற்றர்

"சாம்பவின்ர காலை அளக்கச் சொல்லி எழுதிக் குடுத்தது வேற ஆருமில்லையடி, நிருஷாதான்."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது, உடுப்பு மாற்றும் அறையில் ஓடுவதற்கான செயற்கைக் கால்களை, அந்தப் பிளேட்டுகளை, மாட்டிக்கொண்டிருந்த சாம்பவியின் காதில் நன்றாகவே விழுந்தது.

"கூடவே திரியிறவள். சீ!"

"டீமில ஒரு இடம்தானே கிடக்கு. பின்ன?"

இன்று தேர்வு ஓட்டம். நூறு மீற்றர். முதலாவதாக வருகிறவளுக்கு வெளிநாட்டுப் போட்டி.

நிருஷாவுக்கு வலது கால்தான் இல்லை. சாம்பவிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லை. இரண்டு பிளேட்டில் ஓடலாம், பறக்கலாம், அசையாமல் நிற்க மட்டும் முடியாது. எதையாவது பிடித்தாக வேண்டும். நாலு வருசமாக அவள் பிடித்துக்கொண்டு நின்றது நிருஷாவின் தோளை.

வெளியே வந்ததும் நிருஷா வழக்கம்போலத் தோளைக் கொடுத்தாள். சாம்பவி சுவரைப் பிடித்தாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்லை."

அளக்கிற சிங்கள மிஸ் சாம்பவியின் உயரத்தை இரண்டு தரம் அளந்தார்.

"ஒரு சென்ரிமீற்றர் உயரம் கூடிப்போச்சு, நங்கி."

"இருக்காது மிஸ். பழைய பிளேட்தான். போன வருசமும் அளந்தவை."

ரெண்டு காலும் இல்லாதவர்கள் இன்ன உயரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று கணக்கு உண்டு. மிஸ் குனிந்து பிளேட்டின் அடியைத் தட்டினார்.

"இந்த ரப்பர் புதுசா?"

சாம்பவிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வழுக்குகிறதென்று போன கிழமைதான் கொட்டாஞ்சேனையில் சப்பாத்துத் தைக்கிற பிறெடியிடம் கொடுத்து, தடித்த அடியாகப் பார்த்து ஒட்டுவித்திருந்தாள். உயரமும் கூடும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, பிறெடிக்கும் தோன்றவில்லை.

"ஒன்பதரைக்கு ஓட்டம். அதுக்குள்ள சரி செய்து வந்தா திரும்ப அளப்பேன். இல்லாட்டி ஓட ஏலாது."

மணி எட்டே முக்கால். இந்த நெரிசலில் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேரவே ஒரு மணித்தியாலம். சாம்பவி அப்படியே மர வாங்கில் உட்கார்ந்துவிட்டாள்.

பயிற்றுநர் உமாசுதன் வேகமாக வந்தார்.

"அழாதை பிள்ளை. கேற்றில ஒரு ஆள் உன்னைக் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

பிறெடி! கையில் கத்தி, பசை டின், பழைய மெல்லிய அடிகள் இரண்டு.

"அங்கிள், உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நிருஷா புள்ளதான். நேத்துப் பின்னேரம் அவட பிளேட்டைக் கொண்டுவந்திச்சி. ஒங்களுக்கு ஒட்டி மிஞ்சின துண்டைக் கண்டதும், 'ஐயோ அங்கிள், இவ்வளவு தடிப்பா!'ண்டு தலையில கை வச்சிட்டுது. இண்டைக்கு விடிய ஆறு மணிக்குத் திறீவீலோட வாசல்ல நிக்கிது. தேத்தண்ணி குடிக்கக்கூட விடல்ல."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'ஓடுற நாளில காலைக் கழட்டச் சொல்லுறியோண்டு சண்டைக்கு வருவாள் அங்கிள், மிஸ் சொன்னாத்தான் கேப்பாள்'ண்டிச்சி."

அது உண்மை என்று சாம்பவிக்கே தெரியும். அப்படித்தான் கேட்டிருப்பாள்.

"நிருஷா இதை ஓட்டம் முடிஞ்ச பிறகு எழுதிக் குடுத்திருந்தா உன்ர பேரை வெட்டியிருப்பினம்," என்றார் உமாசுதன். "ரெண்டாவதா வாறவள் பிளேன் ஏறியிருப்பாள்."

நாலு வருசமாக ரெண்டாவதாக வருவது யார் என்று அவர் சொல்லவில்லை.

பிறெடி தடித்த அடியை உரித்து, மெல்லியதை ஒட்டி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். மிஸ் மறுபடி அளந்தார்.

"ஹரி, இப்ப சரியா இருக்கு. போய் ஓடுங்க."



ஓட்டக்காரிகளைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். கால் நிலைகொள்ளாமல் சாம்பவி ஆடினாள். பக்கத்திலேயே கம்பி வேலி இருந்தது.

முன்னால் நின்ற நிருஷா திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"என்ன, இங்க சுவர் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

சாம்பவி வேலியைப் பிடிக்காமல் இரண்டடி முன்னால் வைத்து, நிருஷாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.