தானியேலுக்கு ரெஸ்ட்

கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழாக மூன்று முறை படித்துவிட்டான் தானியேல். அவன் பெயர் இல்லை.

இன்றைக்கு ஃபைனல். திருவள்ளூர் மைதானத்தில் நாலு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டுக்கெல்லாம் கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பெனி வேன் கிளம்பிவிடும்.

நேராக டைம் ஆபீசுக்குள் நுழைந்தான். ரங்கசாமி வருகைப் பதிவேட்டில் தலையை விட்டுக்கொண்டிருந்தார். உத்தியோகம் டைம் கீப்பர். அதோடு கம்பெனி ஃபுட்பால் டீமுக்கு மானேஜர்.

“இன்னா சார் இது? எம் பேரைக் காணோம்?”

“உனக்கு ரெஸ்ட்டு.”

“நான் கேட்டனா ரெஸ்ட்டு?”

“மழையில நின்னுபோன மேட்ச்செல்லாம் சேத்து ஒம்போது நாள்ல அஞ்சு மேட்ச் வெச்சிக்கிறான். காலு தாங்காதுப்பா.”

“ராஜவேலு அண்ணன் காலு மட்டும் தாங்குமா?”

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ராஜவேலுவுக்கு நாற்பத்தொரு வயது. நின்று குனிந்து பார்த்தால் பந்து தெரியாது, தொந்திதான் தெரியும்.

தானியேலோ முதல் இரண்டு ஆட்டத்தில் நாலு கோல் போட்டவன். மூன்றாவது ஆட்டத்திலிருந்துதான் ரங்கசாமிக்கு என்னமோ ஆகிவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்ப்பார், ஆளை மாற்றுவார். முதலில் தானியேலை உட்கார வைத்தார். அடுத்த ஆட்டத்தில் இன்னொரு நல்ல ஆட்டக்காரனான தாவீதையும் உட்கார வைத்தார். நன்றாக ஆடுகிறவனாகப் பார்த்து நீக்குகிறாரே, இவர் நமக்கு மானேஜரா எதிர் டீமுக்கு மானேஜரா என்று கேன்டீனே கொதித்தது.

வாசலில் நின்ற சின்னதுரைதான் அதைக் கவனித்துச் சொன்னான். “பேரைப் பாருங்கடா. பதினோரு பேரும் பெர்மனென்ட்டு. கேஜுவல் ஆளு ஒருத்தன்கூட இல்ல. கப்பு வாங்கறப்ப போட்டோவுல நம்ம மூஞ்சி வரக் கூடாதாம்!”

உண்மைதான். டீமில் கேஜுவல் தொழிலாளிகள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ரெஸ்ட்.

அந்தக் கம்பெனியில் வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தால் பெர்மனென்ட். ஒரு நாள் குறைந்தாலும் போச்சு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். தானியேலின் கணக்கில் இந்த மாசக் கடைசிக்கு இருநூற்று நாற்பத்திரண்டு வந்துவிடும். ஆனாலும் கேஜுவல்காரன் கணக்கை யார் நம்புவார்கள்? ஃபைனலில் ஒரு கோல் போட்டுப் பெரிய ஆபீசர் கண்ணில் பட்டுவிட்டால் தைரியமாக இருக்கலாம். “கேஜுவலுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்று அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த சாராளின் அப்பா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

“சார், இந்த ஒரு ஆட்டம். கால்ல உயுந்து கேக்கறன்.”

“முடியாது. போய் மெஷின்ல நில்லு. சாயங்காலம் வரிக்கும் கேட்டைத் தாண்டக் கூடாது. மாசக் கடைசி வரிக்கும் ஒரு நாளு மட்டம் போட்ட, தொலைச்சிடுவன்.”

பூட்ஸ் இரண்டையும் அவர் மேஜைமேல் விட்டெறிந்துவிட்டுப் போனான் தானியேல். ரங்கசாமி அவற்றை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ராஜவேலு பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தான். வேன் திரும்பியபோது கேட்டில் நின்றவர்கள் காறித் துப்பினார்கள். பெரிய ஆபீசர் அன்றைக்கே ரங்கசாமியை மானேஜர் பொறுப்பிலிருந்து தூக்கிவிட்டார்.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தால் அவர் சைக்கிளின் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. வால்வ் ட்யூபையே யாரோ உருவிவிட்டார்கள். எளாவூரில் இருந்த வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார் ரங்கசாமி. ஒருத்தருக்கும் பாவமாக இல்லை.

மாசக் கடைசி வந்தது. கேஜுவல் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டைம் ஆபீஸ் கிளார்க் முனுசாமி பதிவேட்டைப் பார்த்து வாசித்தார்.

“தானியேலு, இருநூத்தி நாப்பது. பெர்மனென்ட்டு. கையெழுத்துப் போடு.”

“நாப்பத்திரண்டு வரணுமே சார்?”

“ரெண்டு நாளு மேட்ச் ஆடப் போனியே, அது ஆப்சென்ட்டு.”

“கம்பெனி வேன்லதான போனன்!”

முனுசாமி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பெர்மனென்ட் ஆளு ஆடப் போனா ஆன் டூட்டி. கேஜுவலு போனா ஆப்சென்ட்டு. ஆபீசரு வாய்வார்த்தையா போட்ட ஆர்டரு. ரங்கசாமிக்கே மூணாவது மேட்ச் அன்னிக்குக் காலையிலதான் தெரியும். வெளிய சொன்னா அவரு சீட்டு கிழிஞ்சிடும். அதான் யாருக்கு எத்தினி நாளு தாங்கும்னு துண்டுச் சீட்டுல எய்தி வெச்சிக்கினு மாத்தி மாத்தி இறக்குனாரு. அஞ்சு பேரும் தேறிட்டீங்க.”

தானியேல் பேனாவை எடுத்தான்.

“நீ ஃபைனல் ஆடியிருந்தா இருநூத்தி முப்பத்தொம்போது,” என்றார் முனுசாமி.

கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினான். ரங்கசாமி வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

“சார்…”

ரங்கசாமி கேரியரில் இருந்த பையைப் பிரித்துப் பூட்ஸை எடுத்து நீட்டினார். “இனிமே ஆடு. உனக்கும் ஆன் டூட்டிதான்.”

தானியேல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

“அயுவாத. முதல்ல போய்ப் பொண்ணு கேளு,” என்று சைக்கிளில் ஏறிய ரங்கசாமி, திரும்பிப் பார்த்துக் கேட்டார். “அப்புறம், என் வால்வ் ட்யூபு ரெண்டும் இன்னும் உன் ஜோபுலயேதான் கீதா?”