இரவல் ஆள்

துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் மாலை வெயில் கோல் கம்பத்தின் நிழலை மைதானத்தின் நடுவரை இழுத்துப் போட்டிருக்கிறது. அந்த நிழலைச் சுற்றி உதைபந்தாட்டக் கழகத்துப் பெடியள் சிவப்புச் சட்டைகளோடு நிற்கிறார்கள். தேசிய லீக்கின் அடிப்பிரிவில் சேர்ந்தால், வெல்ல வெல்ல மேலே ஏறிக் கொழும்புக் கழகங்களோடு மோதலாம். "ஆனா பதிஞ்ச ஆள் வேற கழகத்துக்கு விளையாட ஏலாது," என்கிறார் செயலாளர் யூட். "சேருவம் எண்டவை கையைத் தூக்குங்கோ." பெனில்டஸின் கைதான் முதலில் உயர்கிறது. முழங்கால் இன்னும் எத்தனை நாள் தாங்குமோ, அதற்குள் ஒருமுறையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு. மற்றக் கைகளும் ஒவ்வொன்றாக எழும்புகிறபோது, இன்றைய ஆட்டத்துக்குக் கிண்ணியாவிலிருந்து வந்திருக்கும் எதிரணி றிஸ்வி தங்கள் நீலச் சட்டையொன்றோடு வருகிறான். "மீனுக்குப் போன எங்கட ஒராள் இன்னும் கடலால வரல்ல. வழமபோல ஒராளத் தாங்களன்." தூக்கிய கைகளோடு எல்லாரும் யூட்டைப் பார்க்கிறார்கள். கோல் வலையில் காற்று உரசுகிறது. போன மாதம் இவர்களுக்கு ஆள் குறைந்தபோது இதே றிஸ்விதான் சிவப்புச் சட்டை போட்டுத் தன் கழகத்துக்கு எதிராகவே கோல் அடித்தவன். பெனில்டஸ் கையை இறக்காமலே அவனைப் பார்த்துத் தலையசைக்கிறான். றிஸ்வி நீலச் சட்டையை அந்தத் தூக்கிய கையிலேயே மாட்டிவிடுகிறான். கைகளை எண்ணிக்கொண்டு வந்த யூட், அந்தக் கையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நிற்கிறார்.