முகமில்லாத அம்மா

“இவளுக்குக் கோபமே வராதாடா?”

“மூஞ்சியே இல்லாதவளுக்குக் கோபம் எங்கேருந்துக்கா வரும்?” என்றான் பக்கத்து நாற்காலியிலிருந்த ஒல்லி.

சுருட்டை சிரிக்கவில்லை. தலைமுடியை வைத்து அந்த ஆராய்ச்சிக்கூடமே அவளுக்குச் சூட்டிய பெயர் அது. திரையில் கோடுகளால் ஆன ஒரு பெண், கோடுகளால் ஆன ஒரு குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

தாயான பின் ஒரு பெண்ணின் மூளை எப்படி மாறுகிறது, அவள் பிள்ளைக்கு ஊட்டும் விதத்தில் அது எப்படித் தெரிகிறது, பிற்காலத்தில் அந்தப் பிள்ளையின் ஞாபகசக்திக்கு அது கைகொடுக்குமா என்றெல்லாம் ஆராயும் இடம் அது. சம்மதித்தவர்கள் வீட்டில் படம் எடுப்பார்கள். யார் என்று தெரிந்தால் மதிப்பெண் கோணிவிடும் என்பதால் முகம், உடை, அறை, குரல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் உருவிவிடும். மிஞ்சுவது வெறும் கோடும் புள்ளியும்தான். அதைப் பார்த்து இருவரும் தனித்தனியே பத்துக்கு மார்க் போட வேண்டும்.

குழந்தை தலையைத் திருப்பியது. அந்தப் பெண்ணின் கை வாயைத் துரத்தவில்லை. பாதி வழியில் நின்று, அவசரமே இல்லாமல் காத்திருந்தது. குழந்தை இடது பக்கம் சாய்ந்தால் அவளும் சாய்ந்தாள். கிண்ணம் கவிழப்போகிற நொடியில் அவளுடைய இன்னொரு கை ஏற்கெனவே அடியில் இருந்தது.

“பாரு, தட்டிவிடுது. இவ அசையறாளா பாரு. எங்கேருந்துடா வர்றாளுங்க இப்படி?”

“நல்ல அம்மாக்கா. நான் ஒன்பது போட்டுட்டேன்.”

“வீட்ல வேலைக்கு ஆள் இருக்கும். ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பா. உடம்பைப் பாரு, கொடி மாதிரி!”

“கோடுக்கா அது. கோடு ஒல்லியாத்தான் இருக்கும்.”

சுருட்டை பல்லைக் கடித்துக்கொண்டு நாலு போட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மசித்த கேரட் சுவர்வரை போயிருந்தது.

“வாயைத் திறடா! உனக்கு ஊட்டி முடிக்கறதுக்குள்ள என் உயிரே போயிடும்!”

ஒன்றே கால் வயதுப் பயல் கைகொட்டிச் சிரித்தான். கணவர் துணியோடு வந்து சுவரைத் துடைத்தார்.

“சாவியைத் தேடினியே, கிடைச்சுடுச்சு. ஃப்ரிட்ஜ்ல, பாலுக்குப் பக்கத்துல. உங்க டாக்டரம்மாகிட்டச் சொல்லு, அம்மாவானா மூளை மாறும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.”

“சிரிங்க. நீங்க இன்னைக்கு நான் பார்த்தவளைக் கட்டியிருக்கணும்.”

“யாரவ?”

“தெரியாது. முகம் கிடையாது. வெறும் கோடு.”

“ரத்தமும் சதையுமா இருக்கிறவங்க மேலெல்லாம் பொறாமைப்பட்டு முடிச்சாச்சா? இப்ப கோட்டு மேலயா?”

“அவ கையை நீங்க பார்க்கலைங்க.” சுருட்டை கரண்டியைக் கீழே வைத்தாள். “பிள்ளை என்ன பண்ணப்போகுதுன்னு அந்தக் கைக்கு முன்னாடியே தெரியுது. எனக்குக் கத்தத்தான் தெரியுது. இதெல்லாம் எனக்கு வரலைங்க. உங்க அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கள்ல, கொஞ்ச நாள் இவன் அங்கேயே இருக்கட்டும்.”

கணவரின் சிரிப்பு நின்றது. “நிஜமாவா சொல்றே?”

“ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடறேன்னு அத்தைக்குப் போன் பண்ணிட்டேன்.”

ஒன்றும் புரியாத பயல் அவள் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒல்லி ஒன்பது, நீ நாலு. இவ்வளவு வித்தியாசம் வந்தா நான் பார்த்தாகணும். பார்த்தேன். நானா இருந்தா பத்தே போட்டிருப்பேன். அப்படி என்ன குறை கண்டே?”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் சுருட்டை வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“குறை ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வயித்தெரிச்சல். இப்படி ஒருத்தி இருந்தா நானெல்லாம் எதுக்கு அம்மான்னு தோணிடுச்சு. பையனை மாமியார் வீட்ல விடப்போறேன்.”

டாக்டரம்மா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்தப் படத்தின் எண்ணைத் தட்டி, அது எங்கிருந்து வந்தது என்று தேடினார். அவருடைய புருவம் மெல்ல உயர்ந்தது.

“உன் மார்க்கை எடுத்துடறேன்.”

“என்னையும் வேலையை விட்டு எடுத்துடுவீங்களா?”

“தப்பு உன்னோடது இல்ல. இங்க வேலை பார்க்கற நம்ம ஆட்கள் வீட்ல எடுத்ததெல்லாம் வேற ஆராய்ச்சிக்கூடத்துக்குத்தான் மதிப்பெண்ணுக்குப் போகணும். இது வழிதவறி இங்கேயே வந்துடுச்சு.”

“நம்ம ஆட்களா?” சுருட்டைக்குப் பொறாமை மறுபடி பற்றிக்கொண்டது. மாடியறை இரட்டைப் பிள்ளைக்காரியா? வரவேற்பு மேசையில் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிறாளே, அவளா? இனி தினமும் அந்த முகத்தில் விழித்தாக வேண்டுமா? “யாருன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா. தெரியலைன்னா எனக்குத் தூக்கம் வராது.”

“ஆள் குறையுதுன்னு போன மாசம் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேல ஒரு வாரம் கேமரா வச்சோமே,” என்றார் டாக்டரம்மா, “அதுல எடுத்த படம்மா இது.”