இரண்டாம் அறைக் கோழிகள்

முதல் அறையில் ஒரு கோழிகூடச் சாகவில்லை.

டாக்டர் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். கொல்லும் வைரஸை மூக்கில் விட்டும் அத்தனையும் கொழுகொழுவென்று நிற்கின்றன என்றால் சும்மாவா?

அவரே செய்து அவற்றுக்குப் போட்ட தடுப்பூசியில் வைரஸே கிடையாது. அதன் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதம்தான். அதன் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்தி வளர்த்து வடித்தெடுத்தது. இன்று தேறினால் ஆய்வகம் பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டுதான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தங்கையின் புருஷன் கையாட்டினார். கோழிப்பண்ணைக்காரர். டாக்டர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அந்த மனுஷனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சட்டையில் ஒட்டிய இறகும், தீவன வாடையும், எதற்கெடுத்தாலும் ஓர் இளிப்பும். இதற்குப் போய்த் தங்கையைக் கொடுத்தோமே என்று வீட்டு விசேஷங்களில் தள்ளியே உட்காருவார்.

குஞ்சுகளை அவரிடம் வாங்கியதும் வேறு வழியில்லாமல்தான். எந்த மருந்தும் படாத குஞ்சு வேண்டும் என்றபோது, ஏன் மச்சான் என்று கேட்டார், பாவம். சொன்னால் உனக்குப் புரியவா போகிறது என்று டாக்டர் போனை வைத்துவிட்டார்.

குஞ்சுகளின் ரத்தத்தை முதலில் சோதித்துவிடலாமா என்று கேட்ட உதவியாளருக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான்.

மீதியிருந்தது இரண்டாம் அறை. தடுப்பூசி போடாமல் வைரஸை மட்டும் கொடுத்த கோழிகள். இவை செத்தால்தான் அவை பிழைத்ததற்கு அர்த்தம். அள்ளிப்போட மஞ்சள் பைகளோடு உள்ளே போனார்.

அத்தனையும் தலையைத் தூக்கிப் பார்த்தன.

ஒன்று வந்து பையைக் கொத்தியது.

டாக்டர் பையை இழுத்துக்கொண்டார். வைரஸ் கெட்டுவிட்டதா? அதற்கும் வழியில்லை. அதே குப்பியிலிருந்து செலுத்திப் பார்த்த முட்டைகளில் குஞ்சுக்கருக்கள் ஒழுங்காகச் செத்துத்தான் இருந்தன.

குளித்து, உடை மாற்றி, வெளியே வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கை புருஷனின் பக்கத்தில் போய் நின்றார்.

"மாப்ளை, அந்தக் குஞ்சுங்களுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். முகமெல்லாம் பாசம்.

"நீங்க வேண்டாம்னுதான் சொன்னீங்க, மச்சான். எனக்குத்தான் மனசு கேக்கல. இந்த நோய்க்கு எங்க பண்ணையில போடுற தடுப்பு மருந்தை எல்லாத்துக்கும் கண்ணுல ஒரு சொட்டு விட்டுத்தான் அனுப்பினேன். ஒண்ணு செத்தாலும் உங்க பேரு கெட்டுடுமே."